ஓடப் போகிறவர் என்ன வாங்க வேண்டும்?

(நெடுந்தூர ஓட்டப் பயிற்சியைப் புதிதாகத் தொடங்கியவர்களுக்காகச் சென்னையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானை மனதில் வைத்துக்கொண்டுதான் உங்களில் பெரும்பாலோர் வந்திருக்கிறீர்கள். சிலருக்கு 10 கிலோமீட்டர், பலருக்கு 21, ஒரு சிலருக்கு முழு 42. தூரம் எதுவானாலும் இப்படிப்பட்ட கூட்டங்களில் எழும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சார், எந்த ஷூ வாங்கலாம்?" அதற்குக் கட்டாயம் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், நாம் வாங்கும் பொருள் நமக்கு என்ன செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானித்துக்கொள்வோம். அது தெளிவாகிவிட்டால் கடையில் பாதிப் பொருளை எடுத்துப் பார்க்கவே தோன்றாது.

நெடுந்தூரம் ஓட உடம்பைத் தயார்ப்படுத்துவது விடாத பயிற்சிதான். வாரத்துக்கு மூன்று நான்கு நாள், நான்கைந்து மாதம். புதிதாக வருகிறவர்கள் நடுவில் நின்றுபோவதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். மூச்சு வாங்குகிறது என்று நின்றவர்கள் குறைவு. மூச்சு சில வாரங்களில் பழகிவிடுகிறது. குதிகாலில் கொப்புளம் உடைந்து செருப்புக்கூடப் போட முடியாமல் போனவர்கள், தொடை உரசிப் புண்ணாகிக் குளிக்கும்போது கத்தியவர்கள், கால்விரல் நகம் கறுத்துக் கழன்றவர்கள், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்தவர்கள், இவர்கள்தான் அதிகம். ஒரு வாரம் விட்டால் இரண்டு வாரமாகும், பிறகு ஆளே வருவதில்லை. ஆகவே எந்தப் பொருளை எடுத்தாலும், இது என்னை வேகமாக ஓடவைக்குமா என்று பார்க்காதீர்கள். நாளை மறுநாளும் வலியில்லாமல் ஓட விடுமா என்று பாருங்கள்.

காலிலிருந்தே தொடங்குவோம்.

ஷூ பற்றிப் பேசினால் யாராவது அபேபே பிகிலாவை இழுத்து வருவார்கள். எத்தியோப்பியக்காரர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வென்றவர். 2 மணி 15 நிமிடம் 16 விநாடி. நம் நாட்டு சிவ்நாத் சிங்கும் வெறுங்காலில் ஓடிப் பெயர் பெற்றவர்தான். 1978இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடத்தை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எந்த இந்தியராலும் முறியடிக்க முடியவில்லை. "அப்புறம் ஷூ எதற்கு?" என்று கேட்பீர்கள். பிகிலாவின் கதையை முழுவதும் கேளுங்கள். அவர் வெறுங்காலில் பயிற்சி எடுத்து வந்தவர். ரோமில் கிடைத்த ஷூ காலுக்குச் சரியாகப் பொருந்தவில்லை, அதனால் பழகிய வெறுங்காலோடே ஓட முடிவெடுத்தார் என்று சொல்வார்கள். நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில் அவரே ஷூ போட்டுக்கொண்டு 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் ஓடி மீண்டும் தங்கம் வென்றார், அதுவும் குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்த சில வாரங்களில். வெறுங்காலா ஷூவா என்பதைவிட, எதில் பழகினோமோ அதில் போட்டியிலும் ஓடுவதுதான் அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. நாமோ நாள் முழுக்கச் செருப்பிலும் அலுவலக ஷூவிலும் இருந்துவிட்டு, கண்ணாடிச் சில்லும் ஜல்லியும் கிடக்கும் சாலையில் ஓடப் போகிறோம். நமக்கு ஷூ வேண்டும்.

எந்த ஷூ? பெரிய கடைக்குப் போனால் உங்களை ஒரு ட்ரெட்மில் பட்டையின் மேல் ஓடவிட்டு, பாதம் உள்பக்கம் சாய்கிறது, உங்களுக்கு இந்த வகைதான் ஒத்துவரும் என்று சொல்வார்கள். பாத வளைவைப் பார்த்து ஷூவைத் தேர்ந்தெடுக்கும் இந்த முறையை அமெரிக்க ராணுவம் 2000களின் பிற்பகுதியில் ஆயிரக்கணக்கான புதுப் படையினரிடம் சோதித்துப் பார்த்தது. பாத வடிவத்துக்கு ஏற்ற ஷூ கொடுக்கப்பட்டவர்களுக்கும், எல்லோருக்கும் ஒரே வகை என்று கொடுக்கப்பட்டவர்களுக்கும் காயம்படுவதில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. காலின் இயக்கத்தை நெடுங்காலம் ஆராய்ந்த பென்னோ நிக் போன்றவர்கள், போட்டவுடன் காலுக்கு இதமாக இருப்பதே நம்பத்தக்க அளவுகோல் என்ற முடிவுக்கு வந்தார்கள். நானும் அதையே சொல்கிறேன். பாதத்தில் ஏற்கெனவே கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். மற்றவர்களுக்கு அவரவர் காலே சொல்லிவிடும். காலைப் பேசவிடும் விதமாகக் கடையில் நடந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அது எப்படி என்று சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பணத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் போகப் போகிறது.

மாலையில் போங்கள். காலையிலிருந்து நின்று நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், நீண்ட ஓட்டத்தின் பிற்பகுதியில் அது இன்னும் வீங்கும். ஓடும்போது போடும் சாக்ஸைக் கையோடு கொண்டு போங்கள். முதல் வேலையாக ஷூவுக்குள் இருக்கும் அட்டையை வெளியே உருவித் தரையில் போட்டு, அதன் மேல் முழு எடையோடு ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கம் சதை அட்டைக்கு வெளியே வழிகிறதா? அந்த ஷூ உங்களுக்குக் குறுகல். சிறுவயதில் செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த நம்மில் பலருக்கு முன்பாதம் விரிந்திருக்கும். அதில் குறையொன்றும் இல்லை. மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியின் ராவ், பெஞ்சமின் ஜோசப் இருவரும் 2,300 குழந்தைகளை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட கட்டுரையில், ஷூ போட்டு வளர்ந்த குழந்தைகளிடம் தட்டைப் பாதம் 8.6 விழுக்காடு, வெறுங்காலோடு வளர்ந்தவர்களிடம் 2.8 விழுக்காடுதான். வெறுங்காலில் வளர்ந்து விரிந்த பாதம் நல்ல பாதம். அதற்கேற்ற அகல அளவு சில நிறுவனங்களில் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

பிறகு அட்டையை உள்ளே வைத்து, இரண்டு காலிலும் போட்டு லேஸ் கட்டி எழுந்து நில்லுங்கள். உங்கள் நீளமான விரலுக்கும் ஷூவின் நுனிக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நீளமான விரல் எல்லோருக்கும் பெருவிரலாக இருக்காது, பலருக்கு இரண்டாம் விரல். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பதும் அபூர்வம், பெரிய காலுக்கு வாங்க வேண்டும். அலுவலக ஷூ 8 என்றால் ஓட்டத்துக்கு எட்டரையோ 9ஓ தேவைப்படலாம். நடந்து பார்த்தால் போதாது. கடை வாசலில் ஐம்பது அடி ஓடிப் பாருங்கள். குதிகால் ஏறி இறங்கக் கூடாது, எங்கேயும் குத்தக் கூடாது. "போகப் போகச் சரியாயிடும் சார்" என்று கடைக்காரர் சொல்வார். தோல் செருப்புக்கு அது பொருந்தும். ஓட்ட ஷூ முதல் நாளே சரியாக இருக்க வேண்டும். முதல் நாள் கடிக்கும் ஷூ 15ஆம் கிலோமீட்டரில் தோலை உரித்துவிடும்.

லேஸ் கட்டுவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஓட்ட ஷூவில் கணுக்காலுக்குப் பக்கத்தில், மற்றத் துளைகளின் வரிசையிலிருந்து சற்றுப் பின்தள்ளி, கூடுதலாக ஒரு துளை இருக்கும். முக்கால்வாசிப் பேர் அதைத் தொடுவதே இல்லை. லேஸைக் குறுக்கே கொண்டுபோகாமல் அதே பக்கத்தில் அந்தத் துளைக்குள் விட்டால் வெளியே ஒரு சின்ன வளையம் நிற்கும். இரண்டு பக்கமும் இப்படிச் செய்யுங்கள். இப்போது வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும், இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும் விட்டு, கீழ்ப்பக்கமாக இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகாலைப் பிடித்து வைத்தாற்போல் இருக்கும், பாதம் முன்னால் சறுக்கி விரல் இடிக்காது. நகம் கறுக்கிறதே என்று இன்னும் பெரிய அளவு ஷூவுக்குப் போகிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கட்டும்.

விலை? மூன்றாயிரம், நான்காயிரம் ரூபாயில் பயிற்சிக்குத் தகுந்த ஷூ கிடைக்கிறது. இருபதாயிரத்துக்கு விற்கும் கார்பன் தகடு வைத்த ஷூ வேகமான ஓட்டக்காரர்கள் போட்டியன்று போடுவது. உலகத் தடகள அமைப்பே 2020இல் தலையிட்டு, சாலைப் போட்டிகளில் ஷூவின் அடிப்பகுதி 40 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு தகட்டுக்கு மேல் வைக்கக் கூடாது என்று வரம்பு போட வேண்டியிருந்தது. முதல் மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பவருக்கு அந்த வகை ஷூ வேண்டாம். அந்தப் பணம் கையில் இருந்தால் நல்ல ஷூவாக இரண்டு ஜோடி வாங்குங்கள். லக்சம்பர்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் கவனித்த ஆய்வு ஒன்றில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி மாற்றிப் போட்டவர்களுக்குக் காயமடையும் வாய்ப்பு 39 விழுக்காடு குறைவாக இருந்தது.

சென்னைக்காரர்களுக்கு இரண்டு ஜோடி வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. போட்டி ஜனவரியில். அப்படியானால் நீண்ட ஓட்டங்கள் எல்லாம் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வரும். வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அதே மூன்று மாதம்தான். வெளிநாட்டுப் புத்தகங்களில் உள்ள பயிற்சி அட்டவணையை வைத்துக்கொண்டு ஓடும் நம்மவர்கள் இதை யோசிப்பதே இல்லை. நனைந்த ஷூ இங்கே ஒரே நாளில் காயாது. வீட்டுக்கு வந்ததும் அட்டையை உருவித் தனியாகக் காயப்போடுங்கள். பழைய செய்தித்தாளைக் கசக்கி ஷூவுக்குள் விரல் நுனிவரை திணித்து வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் ஊறிப் போயிருக்கும். எடுத்துவிட்டு வேறு தாள் திணியுங்கள். இரண்டு மூன்று முறை மாற்றி, மின்விசிறிக்குக் கீழே வைத்தால் மறுநாள் மாலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். கொதிக்கும் வெயிலிலோ பூட்டிய காருக்குள்ளோ வைக்காதீர்கள். பசையும் நடுவில் இருக்கும் மெத்துப் பொருளும் கெட்டுப்போகும். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் நாளில் ஓடவே வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் பரவுகிறது, திறந்து கிடக்கும் பள்ளமும் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். மேல்துணி புதிதுபோல் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். நடு அடுக்கு அமுங்கிப்போய்விட்டால் ஷூ செத்துவிட்டது என்று பொருள். வாங்கிய தேதியை அட்டையின் அடிப்புறம் பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சாக்ஸ். ஷூவுக்கு நாலாயிரம் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பருத்தி சாக்ஸைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். சூடு, ஈரம், உராய்வு மூன்றும் சேர்ந்தால்தான் கொப்புளம். ஜப்பானின் கோபே நகரில் ஒனிட்சுகா என்பவர் தொடங்கிய நிறுவனம், இன்று ஆசிக்ஸ் என்ற பெயரில் இருப்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன்பே மாரத்தான் ஓட்டக்காரர்களின் கொப்புளத்துக்குத் தீர்வு தேடி, காற்று போய்வரத் துளை வைத்த ஷூவைச் செய்தது. இன்று எல்லா ஓட்ட ஷூவிலும் வலைத்துணி இருக்கிறது. ஆனால் பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு அந்தக் காற்றால் வரும் பயனைக் கெடுத்துவிடும். பாலியெஸ்டர் அல்லது நைலான் கலந்த, தையல் மேடு விரலில் உறுத்தாத சாக்ஸ் மூன்று ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள்: பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் வந்ததே உங்களுக்குத் தெரியாது. பயிற்சி தொடங்குமுன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள், முடியாவிட்டால் வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

மேலாடைக்கும் இதே கணக்குத்தான். பாலியெஸ்டர் டி-ஷர்ட் வியர்வையைப் பறக்கவிட்டு உடம்பைக் குளிர்விக்கும் என்பார்கள். விடியற்காலைச் சென்னையின் புழுக்கத்தில் வியர்வை எந்தத் துணியிலிருந்தும் எளிதில் பறக்காது, அந்த எதிர்பார்ப்பு வேண்டாம். ஆனாலும் பருத்தி வேண்டாம். அது நனைந்து கனத்து, உடம்போடு ஒட்டி, இரண்டு மணி நேரம் தோலைத் தேய்க்கும். ஆண்கள் சிலர் போட்டி முடிவில் மார்பில் இரண்டு ரத்தக் கறையோடு வருவதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். திருப்பூரில் தைத்து வரும், பெரிய பெயரில்லாத பாலியெஸ்டர் டி-ஷர்ட்டே போதும். அக்குள், தொடை இடுக்கு, மார்பு ஆகிய இடங்களில் ஓடப் போகுமுன் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். தொடை உரசுபவர்கள் ஷார்ட்ஸுக்குள் முழங்கால்வரை வரும் இறுக்கமான உள்ஷார்ட்ஸ் போட்டால் தொல்லை தீர்ந்தது.

பெண்களுக்கு ஷூவுக்கு அடுத்து முக்கியமானது ஸ்போர்ட்ஸ் பிரா. விலையைப் பார்த்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். 1977வரை ஓட்டத்துக்கென்று அப்படி ஒரு பொருளை யாரும் செய்து விற்கவில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற மூன்று பெண்கள், ஆண்கள் விளையாடும்போது உள்ளே அணியும் ஜாக்ஸ்ட்ராப் இரண்டைச் சேர்த்துத் தைத்து முதல் மாதிரியை உருவாக்கினார்கள். அதிலிருந்து ஏழு ஆண்டு கழித்து, 1984இல்தான் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தானே வந்தது. வாங்கும்போது போட்டுப் பார்க்கும் அறையில் பத்து முறை குதியுங்கள். மார்பு தனியாக ஆடக் கூடாது, மூச்சு முட்டவும் கூடாது. பாரத்தைத் தாங்க வேண்டியது கீழ்ப்பட்டை, தோள்பட்டை அல்ல. கீழ்ப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைந்தால் அளவு சரி. மீள்தன்மை போய்விட்டால் மாற்றிவிடுங்கள்.

உடை விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷார்ட்ஸ் போட்டால்தான் ஓட்டக்காரி என்று யாரும் சட்டம் போடவில்லை. கணுக்கால்வரை லெக்கிங்ஸும் நீளமான தளர்ந்த டி-ஷர்ட்டும் போட்டு 42 கிலோமீட்டர் ஓடலாம். எந்த உடையில் தெருவில் இறங்க உங்களுக்குத் தயக்கமில்லையோ அதுவே உங்கள் உடை. துப்பட்டாவை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், காலில் சிக்கும். இதை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லும் பொறுப்பு இங்கே உட்கார்ந்திருக்கும் கணவன்மார்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் உண்டு.

கைக்கடிகாரத்துக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். தூரத்தைத் தொலைபேசியே அளந்து சொல்கிறது. விலை மலிவான டிஜிட்டல் கடிகாரம் வாங்கினால் ஸ்டாப்வாட்ச் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுமா என்று மட்டும் பாருங்கள், சிலவற்றில் ஓடாது. வேகத்தை அறியவும் கடிகாரம் வேண்டாம்: பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதென்றால் உங்கள் வேகம் சரி.

இருட்டில் ஓடுவதை அப்படி லேசாக விட முடியாது. வெயிலுக்குப் பயந்து நாம் நாலரை மணிக்கே இறங்கிவிடுகிறோம். ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டை வைத்த மேல்சட்டை சில நூறு ரூபாய்தான். அதையும் முதுகில் மாட்டும் சின்னச் சிவப்பு விளக்கையும் இன்றே வாங்குங்கள். எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி சாலையின் வலது ஓரத்தில் ஓடுங்கள். இயர்போன் வேண்டாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்த நேரத்தில் வண்டிகள் வரும் வேகம் உங்களுக்கே தெரியும்.

தண்ணீர் பாட்டில் ஒன்று, கையில் பிடிப்பதோ இடுப்புப் பையில் செருகுவதோ. தாகத்துக்குக் குடியுங்கள், அளவில்லாமல் குடிக்காதீர்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்கு உப்பின் அளவு இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கு, அதாவது அளவுக்கு மிஞ்சிக் குடித்தவர்களுக்கு, அந்த ஆபத்து அதிகமாக இருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுவதானால் மருந்துக் கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து எடுத்துப் போங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்ததா என்று பொட்டலத்தில் பார்த்து வாங்குங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் வியர்வையில் போகும் சோடியம் அதில் குறைவு. உப்புப் போட்ட நீர்மோர் ஓடி முடித்த பிறகு குடிக்க அருமையானது.

கடைசியாக, போட்டி நாள். 2015 பெர்லின் மாரத்தானில் மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகேவின் இரண்டு ஷூவிலிருந்தும் உள் அட்டை நழுவி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. காலில் ரத்தம் வர, 2 மணி 4 நிமிடத்தில் ஓடி அவர் வென்றார். அது கிப்சோகே. நம்மில் ஒருவருக்கு 10ஆம் கிலோமீட்டரில் அப்படி நடந்தால் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரருக்கே பொருள் கைவிடும் என்றால், நாம் சோதித்துப் பார்க்காத எதையும் அன்று உடம்பில் போடக் கூடாது. நம்மவர்கள் செய்வது நேர்மாறு. முதல் நாள் போட்டி எண்ணை வாங்கப் போகும்போது கூடவே புது டி-ஷர்ட் ஒன்று கொடுப்பார்கள். மறுநாள் காலை பாதிக் கூட்டம் அதையே போட்டுக்கொண்டு நிற்கும். ஒருமுறைகூடத் துவைக்காத துணி, ஒரு கிலோமீட்டர்கூட ஓடிப் பார்க்காத தையல். அதை வீட்டில் வையுங்கள், ஓடி முடித்துப் புகைப்படத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். எண்ணைக் குத்தும் நான்கு ஊக்குகளையும் மார்பில் உரசாதபடி வயிற்றுப் பக்கம் இறக்கிக் குத்துங்கள்.

போட்டிக்கு மூன்று வாரத்துக்கு முன் வரும் உங்கள் மிக நீண்ட ஓட்டத்தில் ஷூ, சாக்ஸ், உள்ளாடை, டி-ஷர்ட், பாட்டில், ஓ.ஆர்.எஸ். என்று எல்லாவற்றையும் போட்டி நாளில் போடப் போகிறபடியே போட்டுக்கொண்டு ஓடுங்கள். எங்கே உரசியது, எங்கே குத்தியது என்று வீட்டுக்கு வந்ததும் எழுதி வையுங்கள். சரிசெய்ய இன்னும் மூன்று வாரம் இருக்கும்.

இந்த வாரம் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். மாலையில், உங்கள் சாக்ஸோடு போங்கள். அட்டையை உருவிப் பாருங்கள், வாசலில் ஓடிப் பாருங்கள். ஓடிப் பார்க்க விடமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காமல் அடுத்த கடைக்கு நடங்கள்.